குழலுக்குப் பொருள் புல்லாங்குழல்தானா?

தமிழ் இலக்கியப் பாடம் சொல்லும் வகுப்பறைகளில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. செய்யுளில் குழல் என்று வந்தாலும், வேய்ங்குழல் என்று வந்தாலும், வங்கியம், தூம்பு, வேணு, முரளி என எது வந்தாலும், அருஞ்சொற்பொருள் பகுதியில் எதிரே நிற்பது ஒரே சொல்: புல்லாங்குழல். மாணவர் அதனை மனப்பாடம் செய்கின்றனர், தேர்வில் எழுதுகின்றனர், மதிப்பெண்ணும் பெறுகின்றனர். கைப்பேசியில் அகராதியைத் தட்டிப் பார்ப்போருக்கும் பெரும்பாலும் அவ்விடையே முதலில் கிடைக்கின்றது. ஆறு சொற்களுக்கு ஒரு பொருள் கூறி முடிக்கும்போது நாம் மாணவருக்குத் தருவது எவ்வளவு, அவரிடமிருந்து மறைப்பது எவ்வளவு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பொருள் குறித்த பல சொல் தமிழில் உண்டு என்பதையும், நிகண்டுகள் அவ்வாறே சொற்களை அடுக்குகின்றன என்பதையும் சிலர் இவ்வழக்கத்திற்கு ஆதரவாகக் காட்டுவர். நிகண்டு புலவனுக்குத் துணையாக எழுந்த நூல். எதுகை மோனைக்கும் சீருக்கும் ஏற்ற சொல்லைத் தேடுவோனுக்கு அது வழிகாட்டுகின்றது. சொற்களுக்கிடையே வேறுபாடே இல்லை என்று அது தீர்ப்பளிக்கவில்லை. வேறுபாட்டை எடுத்துக் காட்டுவது உரையாசிரியனின் கடமை. இன்று அக்கடமை வகுப்பாசிரியரின் கையில் இருக்கின்றது.

குழல் என்பது துளை

அடுப்பங்கரையிலிருந்து தொடங்குவோம். விறகடுப்பில் நெருப்பை ஊதியெழுப்பும் கருவிக்கு ஊதாங்குழல் என்று பெயர். யாழ்ப்பாணத்தார் வீடுகளிலும் மலையாளத்தார் வீடுகளிலும் மாவை அடைத்து அவித்தெடுக்கும் மூங்கில், புட்டுக்குழல். அச்சில் பிழிந்து எண்ணெயில் பொரித்தெடுக்கும் தின்பண்டம் தேன்குழல். துப்பாக்கியில் குண்டு பாய்ந்து வரும் வழி துப்பாக்கிக்குழல். நீண்டு உருண்ட மின்விளக்கு குழல்விளக்கு. தண்ணீர் வரும் குழாயும் இந்தக் குடும்பத்துச் சொல்லே. இவற்றுள் எதற்கும் இசையோடு உறவில்லை. பெரும்பாலானவற்றுக்கு மூங்கிலோடும் உறவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாய் இருப்பது நீண்டு உருண்ட வடிவமும், பெரும்பாலும் உள்ளே அமைந்த வெறுமையுமே.

மகளிர் கூந்தலுக்கும் குழல் என்று பெயர் உண்டு. குழல்தல் என்னும் வினைக்குச் சுருளுதல் என்பது பொருள். ஐம்பால் என்னும் ஐவகைக் கூந்தல் ஒப்பனையுள் குழலும் ஒன்று. பூங்குழலி என்னும் பெயரைக் கேட்டு, பூச்சூட்டிய புல்லாங்குழலை ஏந்தியவள் என்று ஒருவர் பொருள் சொன்னால் நாம் நகைப்போம். கூந்தல் என்று வரும்போது நாம் காட்டும் இவ்விழிப்பு, கருவி என்று வரும்போது நம்மை விட்டுப் போய்விடுகின்றது.

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனத் தமிழர் பாகுபடுத்தினர். மேலைநாட்டார் ஊதும் கருவிகளைக் காற்றுக்கருவிகள் என்று வகுக்க, நம் முன்னோர் அவற்றைத் துளையால் பெயரிட்டனர். காற்று எங்கும் இருக்கின்றது. அதனை இசையாக்குவது துளை. குழல் என்னும் சொல்லும் இந்த நோக்கிலேயே பிறந்தது. அது கருவியின் வெறுமையைச் சொல்கின்றது. கருவி எதனால் ஆயது என்பதைச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் புளூட் என்னும் சொல்லும் கருவியோடு நிற்பதில்லை. கல்தூண்களில் மேலிருந்து கீழாகச் செதுக்கும் நீண்ட பள்ளத்துக்கும் அதுவே பெயர். ஒவ்வொரு மொழியும் ஒரே கருவியைத் தன் கண்ணால் பார்த்துப் பெயரிடுகின்றது. பிறகு அப்பெயரைத் தனக்கு உகந்த பிற பொருள்களுக்கும் கொண்டு செல்கின்றது.

புல் எது, மரம் எது?

புல்லாங்குழல் என்னும் சொல்லைப் பிரித்துக் காட்டினால், புல்லால் எப்படி ஐயா குழல் செய்வது என்று கேட்கும் மாணவன் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பான். அவன் கண்முன் நிற்பது அறுகம்புல். அவனுக்கு விடை தொல்காப்பிய மரபியலில் இருக்கின்றது. உள்ளே வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் சொல்வது மரபு என்று அந்நூல் வகுக்கின்றது. அதன்படி பனையும் தெங்கும் மூங்கிலும் எவ்வளவு ஓங்கி வளர்ந்தாலும் புல்லே ஆகும்.

இக்காலத் தாவர நூலார் மூங்கிலைப் புற்குடும்பத்திலேயே சேர்க்கின்றனர். பனையையும் தெங்கையும் அவர்கள் வேறு குடும்பத்தில் வைத்தாலும், மூன்றையும் ஒருவித்திலைத் தாவரம் என்னும் பெரும்பிரிவில் அடக்குகின்றனர். ஆகவே புல்லாங்குழல் என்பதற்குப் புல்லாகிய மூங்கிலால் அமைந்த குழல் என்று பொருள் கொள்வது பொருத்தம். இச்சொல்லைப் பிரித்து விளக்கும் ஆசிரியர், ஒரே மூச்சில் இலக்கணமும் தாவரவியலும் கற்பித்தவர் ஆவார்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். குழல் என்பது பொதுப்பெயர். புல்லாங்குழல் என்பது அதன் ஒரு வகைக்குரிய சிறப்புப்பெயர். பொதுப்பெயருக்குச் சிறப்புப்பெயரைப் பொருளாக எழுதுவது, மலர் என்னும் சொல்லுக்கு மல்லிகை என்று பொருள் எழுதுவதை ஒக்கும். சில இடங்களில் அது பொருந்திவிடும். பிற இடங்களில் கவிஞனின் தோட்டத்தையே அழித்துவிடும்.

மூங்கில் வழிவந்த சொற்கள்

வேய் என்றால் மூங்கில். வேய்ங்குழல் என்றால் மூங்கிற்குழல். இங்கும் எச்சரிக்கை வேண்டும். போரைப் பாடும் பகுதிகளில் வேய் என்பது ஒற்றரையும் ஒற்றுச் செய்தியையும் குறிக்கும். கூரை வேய்தல், பூ வேய்தல் என்னும் வினைகளும் உள்ளன. சொல் ஒன்றாக இருப்பினும் இடமே பொருளைத் தீர்மானிக்கின்றது.

வடமொழி வேணுவும் முதலில் மூங்கிலைக் குறித்து, பின்னர் மூங்கிலால் செய்த குழலுக்கு ஆயிற்று. வம்சம் என்பதும் அவ்வாறே. மூங்கில், குழல், குலம் ஆகிய மூன்றையும் அச்சொல் குறிக்கும். கணுவுக்குமேல் கணுவாக மூங்கில் வளர்வதுபோலத் தலைமுறைக்குமேல் தலைமுறையாகக் குலம் வளர்கின்றது என்னும் எண்ணம் அதில் அடங்கியுள்ளது. சிலப்பதிகார உரையில் நாம் காணும் வங்கியம் இதன் வழிவந்தது என்பது அறிஞர் பலர் கருத்து.

மலேசியத் தமிழருக்கு இதில் தனிச்சுவை ஒன்று உண்டு. மலாய் மொழியில் இனம் என்னும் பொருளில் நாள்தோறும் நம் காதில் விழும் பங்சா என்னும் சொல், அந்த வம்சத்தின் திரிபே. அம்மொழியில் பங்சி என்று மூங்கிற்குழல் ஒன்றுக்கும் பெயர் உண்டு. அதுவும் அவ்வேரிலிருந்து கிளைத்ததே. பள்ளியில் பங்சா மலேசியா என்று எழுதும் தமிழ் மாணவன், தான் படிக்கும் சிலப்பதிகார உரையின் வங்கியத்துக்கு உறவான சொல்லையே எழுதுகின்றான். இதனை அவனுக்குச் சொல்லாமல் வங்கியம் என்றால் புல்லாங்குழல் என்று முடித்துவிடுவது எத்துணை இழப்பு!

வங்கியமும் வேணுவும் வடசொற்கள். அவற்றை விலக்கிவிட்டுக் குழல் என்றே சொல்வோம் என்பார் உளர். புதிதாக எழுதுவோருக்கு அந்த உரிமை உண்டு. பழைய உரையைக் கற்பிப்போருக்கு அவ்வுரிமை இல்லை. அங்கு நிற்கும் சொல்லை உள்ளவாறே விளக்குதல் வேண்டும். மற்றொரு சாரார் முரளி என்பதனை முரல் என்னும் தமிழ் வினையோடு இணைத்து, அது நம்மிடமிருந்து சென்றது என்பர். வண்டு முரல்வதும் குழல் முரல்வதும் நமக்குத் தெரிந்தவையாதலின் அக்கருத்து எண்ணிப் பார்க்கத்தக்கது. எனினும் சொல்லின் பிறப்பு ஒரு வினா. செய்யுளில் அது நிற்கும் நிலை மற்றொரு வினா. முதல் வினாவில் வெற்றி பெற்றவர் இரண்டாம் வினாவுக்கும் விடை கண்டுவிட்டதாக எண்ணுதல் ஆகாது.

தூம்பும் குழலும்

ஒற்றைப் பொருள் கூறுவதால் பொருளே பிழைபடும் இடத்திற்கு இனி வருவோம். அகநானூற்றின் 82-ஆம் பாடல் கபிலர் பாடியது. தலைவனின் மலைநாட்டில் இயற்கையே ஒரு கூத்து நிகழ்த்துகின்றது. அசையும் மூங்கிலில் அமைந்த துளைகளில் மேல்காற்று நுழைந்து குழலிசை ஆகின்றது. அருவியின் ஒலி முழவாகின்றது. மான் கூட்டத்தின் கடுங்குரல் தூம்பாகின்றது. மலைச்சாரல் வண்டின் ஒலி யாழாகின்றது. மந்திகள் வியந்து பார்க்க, மயில் ஆடுமகளைப்போல் களம் புகுகின்றது.

இங்கே தூம்பு என்பதற்கும் புல்லாங்குழல் என்று எழுதினால் என்ன நேரும்? ஒரே குழுவில் இரண்டு புல்லாங்குழல்கள் வந்து நிற்கும். அவற்றுள் ஒன்று மானின் கடுங்குரலில் கத்தும். மாணவன் கவிஞனையே ஐயுறுவான். தூம்பு வேறு கருவி. பெருவங்கியம் என்றும் நெடுவங்கியம் என்றும் உரைகாரர் குறிப்பர். மலைபடுகடாத்தில் கூத்தர் சுமந்து செல்லும் கருவிகளின் வரிசையிலும் தூம்பு ஒன்றாகவும் குழல் மற்றொன்றாகவும் தனித்தனியே வருகின்றன. யானை பெருமூச்செறிவதுபோன்ற ஓசை அங்குத் தூம்புக்குச் சொல்லப்படுகின்றது. ஏரியிலிருந்து நீர் வெளிப்படும் மதகுக்கும் தூம்பு என்று பெயர் உண்டு. கல்வெட்டுகளிலும் அச்சொல் பயில்கின்றது. அகன்ற வாயும் மிக்க வேகமும் அச்சொல்லோடு ஒட்டியவை. மெல்லிய குழலோசைக்கு அங்கு இடமில்லை.

கபிலரின் குழலையும் நோக்குக. அதனை ஊதும் உதடு இல்லை. துளைகளை மூடித் திறக்கும் விரலும் இல்லை. வண்டு துளைத்த மூங்கிலில் காற்று புகுந்து செல்கின்றது, அவ்வளவே. காளிதாசரும் குமாரசம்பவத் தொடக்கத்தில், இமயமலைக் காற்று மூங்கிலின் துளைகளை நிரப்பிக் கின்னரர் பாட்டுக்குச் சுருதி கூட்டுவதாகப் பாடுகின்றார். அத்தகைய மூங்கிலுக்குக் கீசகம் என்றே வடமொழியில் தனிப்பெயர் உண்டு. இவ்விரு புலவர்க்கும் கருவி செய்வோன் மனிதன் அல்லன்.

கூத்து நிகழும் அந்த மலையிலிருந்து வந்த தலைவன், கையில் வில்லும் அம்பும் கொண்டு, தான் எய்த யானை சென்ற வழியை வினவி நின்றான். அவனைக் கண்டோர் பலர். அப்பலருள்ளும் இரவில் உறக்கமின்றிக் கண்ணீரோடு தோள் மெலிந்தவள் தான் ஒருத்தியே என்கின்றாள் தலைவி. பலர் கூடிக் காணும் ஆரவாரமான கூத்தை முன்னே நிறுத்தி, ஒருத்தியின் தனிமையைப் பின்னே வைக்கின்றார் கபிலர். அந்த ஆரவாரத்தில் ஒவ்வொரு கருவியும் வேறு வேறாக நம் காதில் விழுந்தால்தான், அதன்பின் வரும் அவள் தனிமை நம் நெஞ்சைத் தாக்கும். தூம்பைப் புல்லாங்குழலாக்கும் உரை அப்பாட்டின் அடித்தளத்திலேயே கைவைக்கின்றது.

ஆய்ச்சியர் கேட்ட மூன்று குழல்

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் தீநிமித்தம் கண்டு அஞ்சிய ஆயர் மகளிர் மாயவனைப் பாடி ஆடுகின்றனர். அவன் ஊதும் குழலை அவர்கள் மூன்று பெயரால் சொல்கின்றனர்: கொன்றைக்குழல், ஆம்பற்குழல், முல்லைக்குழல். ஒவ்வொரு பெயரும் தான் நிற்கும் பாட்டின் எதுகைக்கு இசைந்தது என்பதைச் செவி உடனே உணரும். எதுகைக்காக இட்ட பெயர்களே இவை என்று விட்டுவிடலாமா? பழைய உரைகாரர் அவ்வாறு விடவில்லை. கொன்றையின் பழத்தைத் துருவித் துளைத்து ஊதுவது கொன்றைக்குழல் என்றும், வெண்கலத்தால் ஆம்பற்பூ வடிவில் அணைசு செய்து குழலின் முகத்தில் பொருத்துவதால் ஆம்பற்குழல் என்றும், முல்லைக்கொடியைத் திரித்துச் செய்த வளையத்தைச் செறிப்பதால் முல்லைக்குழல் என்றும் விளக்கினர். ஆம்பல் என்பது பண்ணின் பெயராகவும் இருக்கலாம் என்று மற்றொரு வழியையும் திறந்து வைத்தனர். ஐயம் உள்ள இடத்தில் இரண்டு பொருளையும் தருவது அவர் நேர்மை. அவ்விரண்டையும் அடைத்துவிட்டு மூன்றுக்கும் புல்லாங்குழல் என்று எழுதுவது நம் சோம்பல்.

கொன்றைப் பழத்தில் குழலா என்று ஐயுறுவோர் சரக்கொன்றையின் காயை நோக்குக. நம் நாட்டுச் சாலையோரங்களிலும் பொன்மலர் தொங்க நிற்கும் மரம் அது. அதன் காய் நீண்டு உருண்டு, முற்றியதும் கருநிறம் கொள்ளும். உள்ளே இருப்பதைத் துருவி எடுத்தால் குழலே. வியப்பு யாதெனில், தாவர நூலார் அம்மரத்துக்கு வழங்கும் இலத்தீன் பெயர் காசியா பிஸ்டுலா. பிஸ்டுலா என்னும் இலத்தீன் சொல்லுக்குக் குழாய் என்றும் ஆயர் ஊதும் குழல் என்றும் பொருள். மருத்துவர் பௌத்திர நோய்க்கு வழங்கும் பெயரும் அச்சொல்லே. உடலில் குழல்போல் துளை விழுவதால் அப்பெயர். தமிழ் உரைகாரரும் இலத்தீன் பெயரிட்டோரும் ஒருவரையொருவர் அறியாமலேயே அந்தக் காயைப் பார்த்துக் குழலை நினைத்திருக்கின்றனர்.

அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை இன்னும் தெளிவானது. உ. வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தை அவ்வுரையோடு பதிப்பித்தார். குழல் செய்வதற்கு மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்தை அவ்வுரை கூறுகின்றது. அவற்றுள் மூங்கிலை உயர்ந்ததாக வைக்கின்றது. குழலின் நீளம் 20 விரல் என்றும் சுற்றளவு நாலரை விரல் என்றும் அளவும் தருகின்றது. இப்பொழுது எண்ணிப் பார்க்க: வெண்கலத்தால் ஆன குழலுக்குப் புல்லாங்குழல் என்று பொருள் எழுதினால், அது வெண்கலப் புற்குழல் ஆகின்றது. ஐந்து பொருள்களை எண்ணிச் சொன்ன உரையாசிரியரின் உழைப்பு ஒரு சொல்லில் கரைந்துபோகின்றது.

அதே காதையில் மாதவியின் அரங்கேற்றத்தில் கருவிகள் ஒன்றையொன்று தொடரும் முறை கூறப்படுகின்றது. யாழ் குழலைத் தொடர்கின்றது. தண்ணுமை யாழைத் தொடர்கின்றது. முழவு தண்ணுமையைத் தொடர்கின்றது. குழல் ஏன் முன்னே நிற்கின்றது? யாழின் நரம்பை இறுக்கலாம், தளர்த்தலாம். தோற்கருவியையும் சுருதிக்கு ஏற்பக் கூட்டலாம். குழலில் இட்ட துளை இட்டதுதான். அதனை நகர்த்த முடியாது. மாறக்கூடியவை மாறாததைப் பின்பற்றுகின்றன. துளையே குழலின் உயிர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வள்ளுவரின் இரு குழல்கள்

திருக்குறளில் குழல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது 66-ஆம் குறள். தம் மக்களின் மழலையைக் கேளாதவரே குழலையும் யாழையும் இனியவை என்பர் என்பது அதன் கருத்து. காமத்துப்பாலில் 1228-ஆம் குறளிலும் குழல் வருகின்றது. அங்கே தலைவனைப் பிரிந்த தலைவிக்கு, நெருப்புப் போன்ற மாலைப்பொழுதின் தூதாகவும், தன்னைக் கொல்லும் படையாகவும் ஆயனின் குழல் அமைகின்றது. மக்கட்பேற்றில் இனிமைக்கு எல்லை காட்டிய அதே கருவி, பொழுது கண்டு இரங்கலில் கொலைக்கருவி ஆகின்றது.

இவ்விரண்டாம் குழலைப் புல்லாங்குழல் என்று மட்டும் எழுதினால் இக்கால மாணவன் மனத்தில் எழுவது யாது? கச்சேரி மேடை எழலாம். நாட்காட்டியில் அச்சிட்ட கண்ணன் படம் எழலாம். வள்ளுவர் காட்டுவது மேய்ச்சல் முடிந்து ஆனிரையோடு திரும்பும் ஆயனை. அவன் குழல் கேட்டால் பொழுது சாய்ந்தது என்று பொருள். எல்லாரும் வீடு திரும்பும் நேரம் என்று பொருள். திரும்பாதவன் ஒருவனுக்காகக் காத்திருப்பவளுக்கு அவ்வொலியே படை.

அந்த ஆயனைப் பெரும்பாணாற்றுப்படை அருகில் கொண்டுவந்து காட்டுகின்றது. அவன் தீக்கடைகோலால் நெருப்பு உண்டாக்கி, அந்நெருப்பால் துளையிட்டுத் தானே குழல் செய்துகொள்கின்றான். அதில் பாலைப்பண் இசைத்துச் சலிப்புற்றபின், குமிழங்கொம்பில் மரல்நாரைக் கட்டி வில்யாழ் செய்து குறிஞ்சிப்பண் இசைக்கின்றான். கடையில் வாங்கிய கருவி அன்று அது. காட்டிலே கிடைத்ததைக் கொண்டு ஏழை ஒருவன் தன் பொழுதுக்காகச் செய்துகொண்டது.

அவ்வழியில் வந்தவரே பெரியபுராணத்து ஆனாய நாயனார். மூங்கிலை எவ்விடத்தில் அரிவது, துளைகளை எவ்வளவு இடைவெளியில் அமைப்பது என்பதைச் சேக்கிழார் முறையாகச் சொல்கின்றார். பூத்த கொன்றை மரத்தின் முன் நின்று ஆனாயர் ஐந்தெழுத்தைக் குழலில் வாசிக்கின்றார். ஆனிரைகள் தின்ற புல்லை அசைபோடுவதையும் மறந்து நிற்கின்றன. குழலூதும் ஆயன் என்றால் கண்ணன் ஒருவனே என்று எண்ணும் மாணவனுக்கு, சைவத்திலும் ஒரு குழலாயன் உளன் என்று காட்டுவது ஆசிரியர் கடன்.

ஒரு மறுப்பும் விடையும்

இவ்வளவும் சொன்னால், வகுப்பில் நேரம் எங்கே என்று ஆசிரியர் கேட்பது இயல்பு. இன்றைய பேச்சுவழக்கில் எல்லாவகைக் குழலுக்கும் புல்லாங்குழல் என்பதே பெயராகிவிட்டது. உலோகத்தால் செய்த மேலைநாட்டுக் குழலையும் மக்கள் அவ்வாறே அழைக்கின்றனர். வழக்கை மறுப்பது தகுமா என்றும் கேட்கலாம்.

வழக்கை நாம் மறுக்கவில்லை. சிறப்புப்பெயர் பொதுப்பெயராக விரிவது மொழியின் இயல்பு. எள்ளிலிருந்து எடுத்த நெய் எண்ணெய் ஆயிற்று. இன்று தேங்காயிலிருந்து எடுத்ததும் எண்ணெயே. ஆனால் இன்றைய விரிந்த பொருளை நேற்றைய செய்யுளில் ஏற்றிப் படிப்பது வேறு. கிரேக்கர் ஊதிய ஔலோஸ் என்னும் கருவிக்கு ஆங்கில மொழிபெயர்ப்பாளர் நெடுங்காலம் புளூட் என்றே எழுதிவந்தனர். அக்கருவியோ வாயில் சீவாளி போன்ற நாக்குடையது. ஓசையில் நம் நாகசுரத்தின் பக்கம் நிற்பது. பெரும்பாலும் இரண்டாகச் சேர்த்து ஊதப்பட்டது. ஆரவாரமான அவ்வோசையை மெல்லிய குழலோசையாக எண்ணியே பலர் கிரேக்க நாடகங்களைப் படித்தனர். ஒரு தவறான சொல் ஒரு நாகரிகத்தின் ஓசையையே பிறர் காதில் மாற்றிவிட்டது. நாம் பிறர் இலக்கியத்துக்கும் அன்றி, நம் இலக்கியத்துக்கே அத்தீங்கைச் செய்துகொண்டிருக்கின்றோம்.

மூங்கிலே குழலுக்கு முதல் என்பதும் உலகம் முழுவதற்கும் பொருந்தாது. செருமனியின் ஓலே பெல்ஸ் குகையில் 2008-இல் கண்டெடுத்த குழல் கழுகினப் பறவையின் எலும்பால் ஆனது. அதன் வயது 35,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்பர். இலத்தீனில் திபியா என்றால் கணைக்கால் எலும்பு. அதுவே குழலுக்கும் பெயர். எலும்பு கிடைத்தவர் எலும்பால் பெயரிட்டனர். மூங்கில் கிடைத்தவர் வேணு என்றும் வம்சம் என்றும் பெயரிட்டனர். தமிழர் பொருளை விட்டுத் துளையைப் பிடித்துக் குழல் என்றனர். இந்நுட்பத்தை மாணவர் அறிதல் வேண்டும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

நேரம் மிகுதியாக வேண்டுவதில்லை. குழலைக் குறிக்கும் சொல் எங்கு வந்தாலும் மூன்று வினாக்களை எழுப்பினால் போதும். அது எதனால் ஆயது? அதனை ஊதுவோர் யார், எப்பொழுது ஊதுகின்றனர்? அதன் ஓசை எத்தகையது? கபிலரில் முதல் வினாவுக்கு வண்டு துளைத்த மூங்கில் என்று விடை வரும். வள்ளுவரில் இரண்டாம் வினாவுக்கு மாலையில் திரும்பும் ஆயன் என்று விடை வரும். தூம்புக்கு மூன்றாம் வினாவே கருவியை வேறுபடுத்திவிடும்.

செமோர் வட்டாரம்போன்ற இடங்களில் கற்பிப்போருக்கு மேலும் ஒரு வாய்ப்பு உண்டு. ரப்பர்த் தோட்டங்கள் பல உருமாறிவிட்டன. எனினும் மூங்கிற்புதர்களைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலாய்க்காரர் பெருநாள் காலத்தில் மூங்கிலில் அரிசியிட்டுச் சுட்டெடுக்கும் லெமாங்கை மாணவர் அறிவர். பேராக்கின் உள்மலைகளில் வாழும் செமாய், தெமியார் மக்கள் மூங்கிலால் மூக்கில் வைத்து ஊதும் குழலும் செய்வர். அம்பு வைத்து ஊதி வேட்டையாடும் சும்பித்தான் என்னும் ஊதுகுழலும் செய்வர். இசைக்கும் வேட்டைக்கும் ஒரே மூங்கில்! குழல் இனிமையும் ஆகலாம், படையும் ஆகலாம் என்னும் வள்ளுவர் நோக்குக்கு இதைவிட நல்ல பாடத்துணை எந்தப் புத்தகக் கடையில் கிடைக்கும்? கணு நீங்கிய ஒரு மூங்கில் துண்டை வகுப்புக்குக் கொண்டுவந்து கையில் கொடுத்தால், புறத்தே வயிரம் என்பதை மாணவன் தொட்டே அறிவான். உள்ளே வெறுமை என்பதைக் கண்ணால் காண்பான். புல்லாங்குழல் என்னும் சொல்லின் இரு பகுதிகளும் அவனுக்கு விளங்கிவிடும்.

பாடநூல் எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். அருஞ்சொற்பொருளில் குழல் என்பதற்கு ஊதும் துளைக்கருவி என்றும், வேய்ங்குழல், புல்லாங்குழல் என்பவற்றுக்கு மூங்கிற்குழல் என்றும், தூம்புக்கு நீண்ட பெருங்குழல், கடுமையான ஓசையுடையது என்றும், கொன்றைக்குழல் போன்றவற்றுக்கு உரைகாரர் கூறும் விளக்கத்தையும் தருக. ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக வேண்டுவது இரண்டு மூன்று சொற்களே. விடைத்தாள் திருத்துவோர், குழலுக்குத் துளைக்கருவி என்று எழுதிய மாணவனின் விடையைப் பிழையென்று அடிக்காமல் இருத்தல் வேண்டும். தூம்புக்குப் புல்லாங்குழல் என்று எழுதியவனுக்குப் பாட்டை மீண்டும் ஒருமுறை படித்துக் காட்டுதல் வேண்டும்.